பத்தாவது பேட்ச்

1. போன்

"அக்கா, நான் சரியா அமுக்கலைன்னு எழுதுனது ஆரு?"

பீர்மேட்டுப் பக்கத்து தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரியிலிருந்து நர்ஸ் பேச்சியம்மாள் போன் செய்து கேட்ட முதல் கேள்வி இதுதான். சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. நான் அப்போது பாலக்காட்டை ஒட்டிய கஞ்சிக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மருத்துவக் கருவிக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். கையெல்லாம் தயிர்சாதம்.

"நான்தான் எழுதினேன் அம்மணி" என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"என் பேரைப் போட்டா?"

"ஆமா, பேரைப் போட்டுத்தான்."

"அந்தக் காகிதம் எஸ்டேட் ஆபீசுக்கு வந்துருச்சுக்கா. மாசக் கடைசியோட என்னைய நிப்பாட்டப் போறாக. நான் ஏமாத்திட்டேன்னு லைன் வீடு பூராம் பேசுதாக. நான் அமுக்கத்தான் செஞ்சேன். நீங்க வந்து பாருங்க."

வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். அவளுக்கு நியாயம் வழங்கவேண்டும் என்ற எண்ணமெல்லாம் இல்லை. நான் எழுதியது சரிதான் என்று அவள் முகத்துக்கு நேரே காட்டிவிட்டு வரத்தான் கிளம்பினேன். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் குறிப்பில் நான் ரொம்ப நல்லவளாகத் தெரிந்துவிடுவேன்.

2. மாந்தோப்பில் ஒரு மணி நேரம்

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக, நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று சொல்கிறேன்.

எங்கள் சரக்கின் பெயர் மைக்ரோ நீடில் பேட்ச். கட்டைவிரல் நகம் அளவு ஒரு வில்லை. அதன் ஒரு பக்கத்தில் பத்து வரிசை, வரிசைக்குப் பத்து ஊசி. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. தடவிப் பார்த்தால் பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று இருக்கும். சர்க்கரை வகை ஒன்றையும் ஒரு பசையையும் மருந்தோடு குழைத்து, சிலிக்கான் மோல்டில் ஊற்றி, காயவைத்து உரித்து எடுப்போம். தோலில் வைத்து அமுக்கினால் ஊசி மேல்தோலுக்குள் இறங்கிக் கரைந்துவிடும். சிரிஞ்சு வேண்டாம், ரத்தம் வராது, வலியும் கிடையாது.

எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் வயதானவர்களுக்குக் கால் மரத்துப்போகும். பி-12 ஊசி போட ஜீப் பிடித்து டவுனுக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. அந்த ஊசிக்குப் பதிலாக இந்த பேட்ச் என்பதுதான் கம்பெனியின் திட்டம். விலை குறைவாக இருந்தால்தான் எஸ்டேட் டிஸ்பென்சரி வாங்கும். விலை ஏறினால் இது கண்காட்சியில் வைக்கத்தான் ஆகும்.

விலை எங்கே இடித்தது என்றால், உறையில். பேட்சைவிட அது இருக்கும் அலுமினியம் ஃபாயில் உறைக்குச் செலவு அதிகம். ஒவ்வொன்றுக்கும் தனி உறை, ஈரம் உறிஞ்சத் தனி சிலிக்கா ஜெல். ஒரே உறையில் பத்து பேட்ச் போடலாமே என்று சொன்னது நான். மீட்டிங்கில் கை தட்டினார்கள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

பிரித்த உறை எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்க வேண்டுமல்லவா? அதையும் நானே பார்த்தேன். என் பிறந்த ஊர் முதலமடை. தம்பியின் மாந்தோப்பில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. மருந்துக்குப் பதிலாக நீலச் சாயம் போட்ட டம்மி பேட்சைக் கொண்டுபோய், காய் தரம் பிரிக்கும் ஷெட்டில் உட்கார்ந்து, சம்மதித்தவர்கள் கையில் வைத்து அமுக்கினேன். ஊசி இறங்கினால் தோலில் நூறு நீலப் புள்ளி தெரியும். இறங்காவிட்டால் சாயம் வெறுமனே அப்பிக்கொள்ளும். பிரித்த உடனே ஒன்று, கால் மணி கழித்து ஒன்று, அரை மணி, ஒரு மணி. எல்லாவற்றிலும் புள்ளி கோலம் போட்ட மாதிரி விழுந்தது.

ஷெட்டுக்கு வந்திருந்த லாரி டிரைவர் தன் கையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பச்சை குத்துறதுன்னா ஊட்டுக்காரி பேரையே குத்தியுடலாமுங்களே" என்றார். சிரித்துக்கொண்டே செய்முறைத் தாளில் எழுதினேன்: பிரித்த ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்தவும்.

3. நான் போட்ட கையெழுத்து

அதே லாட்டில், அதாவது ஒரே தடவையில் வார்த்த சரக்கில், மீதி டம்மியை பீர்மேட்டுக்கு அனுப்பினோம். டிஸ்பென்சரியில் ஒப்பந்த நர்ஸாக இருந்த பேச்சியம்மாளுக்கு வீடியோ காலில் சொல்லிக்கொடுத்தேன். கொழுந்து எடுக்கும் பெண்கள் பத்துப் பத்துப் பேராக வந்தார்கள். முடிவு எங்கள் ஆபீஸுக்கு வந்தது. பாதிக்கு மேல் புள்ளி விழவில்லை, சாயம் அப்பியதுதான்; எங்கள் பேச்சில் அதற்கு அப்பல் என்று பேர்.

எங்கள் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர் ராமநாதன் சார் கல்பாத்தித் தெருவில் பிறந்து வளர்ந்தவர். சத்தம் போடமாட்டார். தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"சுலோச்சனா, ஒரே லாட்டு, ஒரே உறை, ஒரே செய்முறை. மாறினது அமுக்கின கை மாத்திரமாக்கும். வேறெ ஒண்ணும் இல்லை, கேட்டேளா?"

கேட்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதலமடையில் அமுக்கியது என் கை, அதில் குறையில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்த நர்ஸ் இனி என்னென்ன காரணம் சொல்வாளோ என்றுகூட நினைத்தேன். சோதனை பிசகினால் எழுதும் டீவியேஷன் ரிப்போர்ட்டில் மூலகாரணம் என்ற கட்டத்தில் "ஆபரேட்டர் எரர்", அதாவது செய்தவர் பிழை, என்று எழுதி, அவள் பேரையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

ரிப்போர்ட்டின் நகல் எஸ்டேட் ஆபீசுக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். போனால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

4. கட்டைவிரல்

இரண்டு பஸ் மாறி, குட்டிக்கானத்திலிருந்து எஸ்டேட் ஜீப்பில் ஏறிப் போனேன். பையில் ஒரு சமையலறைத் தராசும், ஊசி நுனியைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு லூப் கண்ணாடியும், பிரிக்காத உறைகளும் இருந்தன. மழை என்று சொல்லமுடியாது, வெயில் என்றும் சொல்லமுடியாது. பனிமூட்டம் ரோட்டைத் தின்றுகொண்டிருந்தது.

பேச்சியம்மாள் ஒல்லியாக, நேராக நிற்கும் பெண். வயது முப்பது இருக்கும். டீ கொடுத்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்கும் அது தேவைப்படவில்லை. தராசை மேஜையில் வைத்து, "மூணு கிலோ காட்டுற மாதிரி அமுக்கு. இருபது எண்ணுற வரைக்கும் முள்ளு அசையப்படாது" என்றேன்.

கட்டைவிரலை வைத்தாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருபது எண்ணினாள். முள் மூன்றில் நின்றது நின்றபடி இருந்தது. இன்னொரு முறை செய்யச் சொன்னேன். அப்போதும் மூன்று. ஐந்து முறை செய்தாள்.

"நீங்க ஒருக்கா வையுங்கக்கா" என்றாள்.

வைத்தேன். முள் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே ஊஞ்சல் ஆடியது.

"பிளஸ் டூ முடிச்சு நாலு வருசம் கொழுந்து எடுத்த கைக்கா இது. அதுக்கப்புறந்தான் நர்சிங் படிச்சேன்" என்றாள். பெருமையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னாள்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ஜாதி நான். ஒருவேளை பத்துப் பேருக்கு அமுக்குவதற்குள் இவள் கை சோர்ந்துபோகிறதோ என்று புதிதாக ஒரு காரணம் கண்டுபிடித்தேன். பத்துப் பேரையும் வரச்சொல், நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன்.

5. என் கை

சாயங்காலம் கொழுந்து எடை போட்டுவிட்டு பத்துப் பெண்கள் வந்தார்கள். மழைக்குப் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் கொங்காணியைக் கழற்றி வாசலில் உதறிவிட்டு வரிசையாக பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கதவைத் திறக்கும்போதெல்லாம் பனி உள்ளே வந்து விளக்கைச் சுற்றி நின்றது. பேச்சியம்மாள் கை கழுவித் துடைத்து, உறையைக் கிழித்து, நேரத்தை நோட்டில் எழுதிவிட்டு ஆரம்பித்தாள். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிறாள், காயவிடுகிறாள், வைக்கிறாள், இருபது எண்ணுகிறாள், டேப் ஒட்டுகிறாள். ஒரு ஆளுக்கு மூன்று நிமிஷம். நான் எழுதிய தாளில் ஒரு எழுத்துக்கூட அவள் தாண்டவில்லை.

ஐந்து பேர் ஆனதும் நிறுத்தச் சொல்லி, பத்து நிமிஷம் விட்டு பேட்சை எடுத்துப் பார்த்தபோது முதல் நான்கு பேருக்கு நூறு புள்ளி. ஐந்தாவது ஆளுக்கு அப்பல்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏ அம்மணி, பாத்துட்டு இருக்கறப்பவே இப்படிப் பண்ணினா எப்படி? நல்லா அமுக்கு" என்று பத்துப் பேர் முன்னால் சத்தம் போட்டேன்.

அவள் ஆறாவது பேட்சை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தாங்க, நீங்களே அமுக்குங்க."

ஆறாவதாக உட்கார்ந்திருந்தவள் மாடத்தி. அந்தக் கூட்டத்திலேயே வாய் நீளம் அவளுக்குத்தான். அவள் கையில் வைத்து என் பலமெல்லாம் சேர்த்து அமுக்கினேன். மாடத்தி பல்லைக் கடித்தாள். பத்து நிமிஷம் கழித்து எடுத்துப் பார்த்தால் அப்பல். ஏழாவது ஆளுக்கும் நானே அமுக்கினேன். அதுவும் அப்பல்.

மாடத்தி தன் கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இப்ப அமுக்காதது ஆருக்கா?" என்று கேட்டாள்.

ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். வெட்கம் என்றால் என்னவென்று ஐம்பத்தாறு வயதில் அந்த பெஞ்சுக்கு முன்னால் தெரிந்துகொண்டேன்.

எட்டாவது பேட்சை லூப் கண்ணாடியில் பார்த்தேன். ஊசி நுனியெல்லாம் தலை சாய்ந்து கிடந்தது. புதிதாக ஒரு உறையைக் கிழித்து, அந்த நொடியே மாடத்தியிடம் கேட்டுக்கொண்டு அவளுடைய மறு கையில் வைத்தேன். நூறு புள்ளி. அந்த உறையில் மீதி இருந்ததைத் தட்டிலேயே விட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு கால் மணிக்கு ஒன்று எடுத்துப் பார்த்தேன். முதல் கால் மணியிலேயே நுனி மழுங்கியிருந்தது. அரை மணியில் ஊசி என்ற பேருக்கே அது லாயக்கில்லை. ஈரக்காற்றில் சர்க்கரை இளகாமல் என்ன செய்யும்?

"இங்ஙன உப்பு டப்பாவே தண்ணியாத்தானே நிக்கும்" என்றாள் மாடத்தி, இதைக்கூடவா பஸ் ஏறி வந்து பார்க்கவேண்டும் என்கிற மாதிரி.

அப்போதுதான் பேச்சியம்மாள் நோட்டை என் முன்னால் விரித்தாள். எஸ்டேட் ஆள் பதிவேட்டிலுள்ள செக்ரோல் நம்பர், எத்தனையாவது பேட்ச், உறை பிரித்த நேரம், அமுக்கிய நேரம், புள்ளியா அப்பலா. ஒவ்வொரு நாளும் முதல் மூன்று அல்லது நான்கு பேருக்குப் புள்ளி, அதற்குப் பிறகு வரிசையாக அப்பல். எழுத்துக் கூட்டத் தெரிந்த யாரும் பார்த்தவுடன் சொல்லியிருப்பார்கள்.

"இதைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பிச்சேனேக்கா."

அனுப்பியிருந்தாள். என் போனில் இருந்தது. நான் அடியில் இருந்த கூட்டுத்தொகையை மட்டும் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரம் என்று எழுதியது நான். பனி மலைக்கும் வறண்ட மாந்தோப்புக்கும் ஒரே காற்று என்று நினைத்தது நான். பத்து பேட்சுக்கு ஒரே உறை என்று கை தட்டு வாங்கியதும் நான். அவள் செய்த ஒரே காரியம், நான் எழுதியதை அப்படியே நம்பியது.

6. திறக்கக்கூடாத ஃபைல்

திரும்பி வந்து ராமநாதன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லூப்பில் எடுத்த படங்களைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார்.

"ஃபைல் க்ளோஸ் ஆயாச்சே சுலோச்சனா. இனி திறந்தா ஆடிட்ல சோத்யம் வரும், ஏன் எதுக்குன்னு கேப்பா. தாளை மாத்தி எழுதிக்கலாம், உறையையும் மாத்திக்கலாம். பழசை என்னத்துக்குக் கிளறணும்?"

"அந்தப் பிள்ளைக்கு வேலை போகுதுங்க சார்."

"எஸ்டேட்ல நான் பேசிப் பாக்கறேன்."

"பேசினா இரக்கப்பட்டு வெச்சுக்குவாங்க. தப்பு செஞ்சவள்ங்கற பேரு போகாதுங்க. எழுதிக் கெட்டதை எழுதித்தான் சரி பண்ணணும்."

"பத்து பேக் போச்சுன்னா விலையும் போச்சு. அது உங்க ஐடியாவாக்கும்."

"என்னுதுதானுங்க. அதனாலதான் நானே கொல்றேன்."

அவர் கெட்டவர் இல்லை. நாலு வருஷ உழைப்பு கண்முன்னால் சரிவதைப் பார்க்கிற மனுஷனுக்கு எப்படி இருக்கும்? ஆனால் நான் விடவில்லை. மூன்று நாள் காலையில் அவர் வருமுன் அவர் அறை வாசலில் திருத்திய ரிப்போர்ட்டோடு நின்றேன். மூலகாரணம் என்ற கட்டத்தில் பேச்சியம்மாளின் பேரை அடித்து, "செய்முறைத் தாளில் பிழை, எழுதியவர் சுலோச்சனா" என்று போட்டிருந்தேன்.

மூன்றாவது நாள் அவரே கேட்டார்: "சரி, விலைக்கு என்ன வழி?"

வழி என் பையில் இருந்தது. பேட்சோடு கொடுப்பதற்கு ஸ்பிரிங் வைத்த ஒரு பிளாஸ்டிக் அப்ளிகேட்டரையும் நாங்கள் திட்டம் போட்டிருந்தோம். ஒரே அளவு பலத்தில் அமுக்கத்தான் அது. உறைக்கு அடுத்தபடி அதுதான் பெரிய செலவு. தராசில் பழகிய கட்டைவிரல் இருந்தால் அது எதற்கு என்று கேட்டேன். பேச்சியம்மாள் இருபது எண்ணும் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். முள் அசையவில்லை. அப்ளிகேட்டரை விட்டுவிட்டு, அந்தக் காசில் மாத்திரை ஸ்ட்ரிப் மாதிரி பத்துக் குழி, ஒவ்வொரு குழிக்கும் தனி ஃபாயில் மூடி என்று மாற்றலாம். வேண்டியதை மட்டும் கிழிக்கலாம், மற்ற ஒன்பதும் மூடியே இருக்கும்.

அவர் வீடியோவை இரண்டு முறை பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். ஆடிட்டில் சோத்யம் வந்தது. பதில் சொன்னோம். உலகம் முடிந்துவிடவில்லை.

7. பெரட்டுக் களத்தில்

திருத்திய ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு பேச்சியம்மாளுக்கு போன் செய்தேன். வேலை நிலைத்துவிட்டது என்று எஸ்டேட் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள், சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"காகிதத்தை ஆபீஸ்ல ஃபைல்ல வச்சிருவாகக்கா. லைன்ல இருக்கவுக ஃபைலையா படிக்காக? நாளைக்கு ஒரு பிள்ளைக்கு நான் ஊசி போட்டா, இவ அமுக்காதவதானேன்னு நினைப்பாகளே" என்றாள்.

சரியாகத்தான் சொன்னாள். எனவே மறுபடியும் போனேன், புதிய ஸ்ட்ரிப்பையும் எடுத்துக்கொண்டு. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் கூடையோடு நின்றார்கள். ஃபீல்டு ஆபீசரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"நான் பாலக்காட்டுல இருந்து வர்றனுங்க. இந்த நர்ஸம்மா சரியா அமுக்கலைன்னு எழுதுனது நானுங்க. அது தப்புங்க. ஒரு மணி நேரம் தாங்கும்னு காகிதத்துல எழுதுனதும் நானுங்க. உங்க ஊரு ஈரத்துல பாக்காம எழுதிட்டனுங்க. அவங்க செஞ்சது அத்தனையும் சரி. தப்பு எம்பேர்ல."

மாடத்தி பக்கத்தில் நின்றவளிடம், "நான் அன்னைக்கே சொன்னேன்லா?" என்றாள்.

இளையவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். செய்முறைத் தாள் எழுதும் கைக்கு அதிகாரம் அதிகம். அடுத்தவர் அதை நம்பித் தன் பேரைப் பணயம் வைக்கிறார். "ஆபரேட்டர் எரர்" என்று எழுதவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எழுதுவதற்கு முன்னால் அவர் நிற்கும் இடத்தில், அவர் வேலை செய்யும் நேரத்தில், முதல் பேட்சிலிருந்து கடைசி பேட்ச் வரை நீங்களே அமுக்கிப் பாருங்கள். அப்புறமும் எழுதத் தோன்றினால் எழுதுங்கள். அதன் பிறகு வேலை பார்த்த வருஷங்களில் நான் அந்த வார்த்தையை ஒருமுறைகூட எழுதவில்லை.

அன்று சாயங்காலம் ஸ்ட்ரிப்பை வைத்துப் புதிய சோதனை. ஒன்பது பெண்கள்தான் வந்திருந்தார்கள். பத்தாவது ஆள் யார் என்று கேட்டேன்.

"நீங்கதான்க்கா. கடைசியில போய் உக்காருங்க" என்றாள் பேச்சியம்மாள்.

பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தேன். கதவு திறந்தே இருந்தது. அரை மணி நேரம் பனி என் முழங்கையை நனைத்தது. ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள், ஒவ்வொரு கையிலும் புள்ளி. கடைசிக் குழியைக் கிழித்து, என் கையைத் துடைத்து, பேட்சை வைத்து, கட்டைவிரலை ஊன்றினாள். இந்தத் தடவை அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

"அமுக்குதது தெரியுதாக்கா?"

அதுவரை அவளை நீ, வா, போ என்றுதான் பேசியிருக்கிறேன்.

"தெரியுதுங்க" என்றேன்.